பாப்பாவா வர்றியா?

திருவான்மியூரில் தான் வேலை செய்யும் வீட்டுப் பையன் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுவதற்குள் பிரியங்கா தன் மகளோடு பேசிவிட வேண்டும். அவன் எழுந்துவிட்டால் பால், பழம், பூங்கா, குளியல் என்று இருட்டும்வரை அவளுக்குக் கை ஒழியாது. பால்கனியில் துணி காயப்போடும் மூலையில் நின்று போன் போடுவாள். மரக்காணத்தில் நாத்தனார் ஞானாம்பாள் எடுப்பாள். "இந்தா, அம்மா பேசுது" என்று ஒரு குரல் கேட்கும். அதற்குப் பிறகு மூச்சு மட்டும் கேட்கும். தமிழ்நிலா போனை வாயோடு ஒட்டிவைத்துக்கொள்வாள். நாலு வயசு.

"சாப்ட்டியா கண்ணு?"

"உம்."

"என்ன சாப்ட்ட?"

"சோறு."

"ஸ்கூல்ல இன்னிக்கு என்ன எழுதின?"

மூச்சு.

"சொல்லு. ஏ பி சி டி எழுதினீங்களா?"

"இல்ல. வெளாண்டேன்."

"வெளாண்டது சரி. எழுதினது என்ன?"

போன் கை மாறும். பிள்ளை ஓடிவிட்டாள் என்று அர்த்தம்.

"நோட்டு வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே கெடக்குது பிரியங்கா" என்றாள் ஞானாம்பாள் ஒரு நாள். "எதிர்வீட்டு சவரியம்மா பேத்தி வேற ஸ்கூலு. அது இசட் வரைக்கும் எழுதிடுச்சாம். நம்மளது தெனம் கவுனெல்லாம் மண்ணாக்கிட்டு வருது. புதுசா ஒரு மிஸ் வந்திருக்குதாம். புள்ளைங்கள வெளாட உட்டுட்டு அது கூட உக்காந்துக்குதாம்."

"அவர் ஒண்ணும் கேக்கலியா அண்ணி?"

"அவன் எதக் கேட்டான்? உப்பளத்துலேருந்து வந்தா கால நீட்டிப் படுத்துக்கறான்."

புருஷன் சரத்குமாரைக் குறை சொல்ல முடியாது. உப்பு வாரும் வேலை வெயில் இருக்கும்வரைதான். மழை பிடித்துவிட்டால் பாத்திகள் குளமாகிவிடும், கூலி நின்றுவிடும். போன வருஷப் புயலில் தண்ணீர் வடியவே வெகு நாளாயிற்று. அப்போதுதான் தெரிந்த ஒருத்தி மூலமாக பிரியங்கா சென்னைக்கு வந்தாள். ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை, அங்கேயே தங்கல். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகலாம் என்று பேச்சு. அந்த ஞாயிறும் சில மாதம் கிடைப்பதில்லை.

அந்தப் பையனைக் குளிப்பாட்டித் தலை துவட்டும்போது அவள் கை சில நாள் தானாக நின்றுவிடும். தமிழ்நிலாவின் உச்சியில் ஒரு சுழி உண்டு. எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் அந்த இடத்து முடி படியாது. அது இடது பக்கம் சுழிக்குமா வலது பக்கமா என்பது ஒரு நாள் திடீரென்று அவளுக்கு நினைவு வரவில்லை. போனில் இருந்த படங்களையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எல்லாமே முகத்தை எடுத்த படங்கள். அன்றைக்கு முழுக்க அவளுக்கு வேலையே ஓடவில்லை.

அந்தப் பையனும் பள்ளிக்கூடம் போனான். கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது பிரியங்காதான். அங்கே நோட்டே கிடையாது. மணல், தண்ணீர், மரக்கட்டை, கை நிறைய பெயிண்ட். "இந்த வயசுல எழுத வைக்கக் கூடாது பிரியங்கா. வெளையாடினாதான் மூளை வளரும்" என்பாள் அந்த வீட்டம்மா. பிரியங்கா தலையாட்டுவாள். மனசுக்குள் வேறு ஒன்று ஓடும். இவன் விளையாடினாலும் டாக்டராவான், தூங்கினாலும் டாக்டராவான். இவனைத் தூக்கிவிட வீட்டில் ஆள் இருக்கிறது. என் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? அவளே பத்தாவதில் இங்கிலீஷில் தவறியவள். அதற்கப்புறம் எந்த வாசலில் போய் நின்றாலும் அந்த இங்கிலீஷ் அவளுக்கு முன்னால் வந்து நின்றது. மகளையாவது அது நிறுத்தக் கூடாது என்றுதான் ஊரில் இருந்த சின்ன நர்சரி பள்ளியில் எல்கேஜி சேர்த்திருந்தாள்.

ஆவணியில் அந்த வீட்டுக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்காக பெங்களூர் போனார்கள். பிரியங்காவுக்கு வியாழனும் வெள்ளியும் லீவு. பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் லீவு கிடைத்தது அதுவே முதல் தடவை. பிள்ளையை அங்கிருந்து எடுத்து சவரியம்மாள் பேத்தி படிக்கிற இடத்தில் சேர்த்துவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு செய்துகொண்டு பஸ் ஏறினாள்.

கல்பாக்கம் தாண்டியதும் ஜன்னல் காற்று மாறியது. மரக்காணம் நெருங்க நெருங்க ரோட்டுப் பக்கத்துப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தன. தூரத்தில் ஆட்கள் குனிந்து உப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தன் சரத்குமாராக இருக்கலாம். எல்லோரும் தலையில் துண்டு கட்டியிருந்ததால் அடையாளம் தெரியவில்லை. பஸ் கடக்கும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மூன்று மணிக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய தமிழ்நிலா வாசலில் அம்மாவைப் பார்த்ததும் நின்றாள். பிறகு பக்கவாட்டில் நடந்துபோய் ஞானாம்பாளின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அடியே, யாரு வந்திருக்கா பாரு. போ."

போகவில்லை. புடவை விலகிய சந்தில் ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் பிரியங்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, தோளில் தொங்கிய கைப்பையைப் பார்த்தது. பிரியங்கா உட்கார்ந்து கையை நீட்டினாள். பிள்ளை கிட்டே வந்து பையின் ஜிப்பை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிப்போனாள்.

வேலை முடிந்து வந்த சரத்குமார் மேல் மட்டும் ஏறிக்கொண்டாள். அவன் காதில் ஏதோ குசுகுசுத்தாள். அவன் சிரித்தான்.

"என்ன சொல்லுது?"

"நீ எப்ப திரும்பப் போறன்னு கேக்குது." அவன் வெடித்துப்போன காலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே சொன்னான். "பழகிடும் பிரியா. ரெண்டு நாள்ல கிட்ட வந்துடும்."

"ரெண்டு நாள்ல நான் போயிடுவேங்க."

அவன் மற்றக் காலையும் நனைத்தான். "அந்த ஸ்கூலுக்கு அது சந்தோஷமா போகுது. லீவு உட்டா அழுகுது. அதையும் பாத்துக்க" என்றான். பிரியங்கா கேட்காதது மாதிரி அடுப்பைத் துடைத்தாள்.

மறுநாள் காலை மகளை அவளே பள்ளிக்குக் கூட்டிப் போனாள். வழியெல்லாம் பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, பையின் வாரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பள்ளி கடலூர்ப் பக்கம் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. எல்கேஜி வகுப்பு வாசலில் சுடிதார் போட்ட ஒரு இளம்பெண் பிள்ளைகளின் செருப்பை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், நான் தமிழ்நிலா அம்மா."

"தெரியும். வாங்க" என்றாள் அந்தப் புது மிஸ் ஜான்சி. "நீங்க எப்படிப் பேசுவீங்கன்னு கூட எனக்குத் தெரியும்."

பிரியங்காவுக்கு அது புரியவில்லை. வந்த காரியத்தைச் சொன்னாள். "நான் சண்டை போட வரல மிஸ். புள்ளைய வேற ஸ்கூல்ல சேக்கலாம்னு இருக்கேன். டிசி வேணும்."

ஜான்சியின் முகம் ஒரு கணம் வாடியது. அவளிடம் வந்து டிசி கேட்கிற முதல் ஆள் தான் இல்லை என்று அந்த முகத்திலேயே தெரிந்தது. "டிசி சார்தான் குடுக்கணும். அவரு வர நேரமாகும். அதுவரைக்கும் உள்ள வந்து உக்காருங்க."

"உக்காந்து?"

"சும்மா பாருங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

வகுப்பில் பெஞ்சுகள் சுவர் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன. பிரியங்கா ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் வந்ததும் வட்டமாக உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடினார்கள். யார் எங்கே போகிறார்கள் என்று ஜான்சி ஒவ்வொருத்தரையும் கேட்டாள். "கடை", "மணலு", "வீடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

கடை என்றால் இரண்டு மேஜை. அதில் காலி டப்பாக்கள், ஒரு குவியல் கல் உப்பு. சண்டை அங்கேதான் முதலில் வந்தது. ஒரு பெண் அகலமான டப்பாவில் உப்பை நிரப்பி வைத்திருந்தாள். ஒரு பையன் உயரமான பாட்டிலில் நிரப்பியிருந்தான்.

"இதுலதான் நெறைய இருக்குது."

"போடி, இது எவ்ளோ ஒசரம் பாரு."

ஜான்சி போய்ப் பக்கத்தில் மண்டியிட்டாள். யார் சொல்வது சரி என்று சொல்லவில்லை. "ரெண்டு பேரும் சொல்றீங்க. எப்படிக் கண்டுபுடிக்கறது?" என்று மட்டும் கேட்டாள். பிள்ளைகள் யோசித்தார்கள். பெண் ஒரு டம்ளரை எடுத்து வந்தாள். டப்பா உப்பை டம்ளர் டம்ளராக அளந்து கொட்டினார்கள், பிறகு பாட்டில் உப்பை. எண்ணிக்கை நடுவில் தவறியது, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். பையன் தோற்றுவிட்டான். தோற்றது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. உயரமான பாட்டிலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பி, இது எப்படி இப்படி ஏமாற்றியது என்பதுபோலப் பார்த்தான். பிரியங்கா தன்னை மறந்து அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பின்பக்கம் ஒரு குரல் கேட்டது. தெளிவான, நீளமான, ஓயாத குரல். அவள் சட்டென்று திரும்பினாள். அந்தக் குரலை அவள் கேட்டு எத்தனையோ மாதமாயிற்று.

ஜன்னலுக்குக் கீழே பாய் விரித்து, அட்டைப்பெட்டியில் அடுப்பு வைத்து ஒரு வீடு இருந்தது. தமிழ்நிலா ஒரு பழைய துப்பட்டாவைப் புடவையாகச் சுற்றியிருந்தாள். தோளில் ஒரு துணிப்பை. பாயில் கௌதமன் என்கிற பையன் காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தான். அவன்தான் குழந்தை.

"பாப்பா, அம்மா வேலைக்குப் போறேன். அத்த கூட சமத்தா இருக்கணும். அழுதா போலீஸ் வரும். வராது, சும்மா சொன்னேன். நீ சோறு துன்னு. இட்லி வேணுமா? ரெண்டு இட்லி உனக்கு, ரெண்டு அப்பாக்கு, அத்தைக்கு ஒண்ணு, அத்த கம்மியாதான் துன்னும்."

மணல் இட்லிகளை வைத்துவிட்டு அவள் பாயை விட்டு இறங்கினாள். சுவரோடு கொஞ்ச தூரம் நடந்து ஒரு பெஞ்சில் ஏறி உட்கார்ந்தாள். அது பஸ்ஸா சென்னையா, தெரியவில்லை. பையிலிருந்து பேட்டரி இல்லாத ஒரு போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஹலோ. சாப்ட்டியா கண்ணு?"

"உம்" என்றான் கௌதமன்.

"என்ன சாப்ட்ட?"

"சோறு."

"ஸ்கூல்ல என்ன எழுதின?"

கௌதமன் பேசவில்லை. அவனுக்கு அந்தப் பங்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"சொல்லு. எழுதினது என்ன? எழுதினது என்ன?" குரல் கொஞ்சம் ஏறியது. பிறகு அவள் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, "வெச்சுடுச்சு" என்றாள், யாரிடமோ.

பிரியங்கா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். மகள் தன்னைக் கேலி செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. கேட்டதைத் திருப்பிச் சொல்கிறாள், அவ்வளவுதான். தினமும் துணிக்கொடிக்குக் கீழே நின்று எதை எதையோ சொல்ல நினைத்து, கடைசியில் தான் சொன்னது இந்த மூன்று கேள்விதானா?

கௌதமனுக்கு அலுத்துவிட்டது. எழுந்து கடைக்குப் போய்விட்டான். தமிழ்நிலா காலியான பாயைப் பார்த்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் வேலை இருந்தது. பார்வை பிரியங்காவிடம் வந்து நின்றது. மெதுவாக நடந்து வந்து முன்னால் நின்றாள்.

"நீ பாப்பாவா வர்றியா?"

பிரியங்கா தலையை ஆட்டினாள். மகள் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். நேற்றிலிருந்து முதல் தடவையாகக் கையைப் பிடித்தாள்.

"படு. நீ இன்னும் எழுந்துக்கல."

பாயில் படுத்தாள். கால் வெளியே நீண்டது. மகள் அதைத் தூக்கி மடக்கி வைத்தாள். நெற்றியைத் தொட்டு, "ஜொரம் இல்ல" என்றாள். இட்லி ஊட்டினாள். தலையை வாரினாள். ஒவ்வொன்றையும் ஞானாம்பாள் செய்வதுபோலவும் கொஞ்சம் ஜான்சி செய்வதுபோலவும் செய்தாள். தன் சாயல் அதில் எங்கே இருக்கிறது என்று பிரியங்கா தேடினாள். தோளில் தொங்கிய பையில் மட்டும்தான் இருந்தது.

"அம்மா வேலைக்குப் போறேன். அழக் கூடாது."

"போகாதம்மா" என்றாள் பிரியங்கா. அதை அவள் யோசித்துச் சொல்லவில்லை.

தமிழ்நிலா தயங்கினாள். கௌதமன் இப்படிச் சொல்கிறதில்லை போலிருக்கிறது. பையை மாற்றிப் போட்டுக்கொண்டாள். "போவணும். போனாதான் வர முடியும்" என்றாள்.

"எப்ப வருவ?"

"நீ தூங்கு. கண்ண மூடு. நல்லா மூடு."

பிரியங்கா கண்ணை மூடினாள். சின்னக் கால்கள் போகிற சத்தம் கேட்டது. பெஞ்சு லேசாகக் கிறீச்சிட்டது. வாயாலேயே பஸ் ஓடியது, ஹாரன் அடித்தது, யாரையோ ஏற்றி இறக்கியது. அந்தப் பஸ் வந்து சேர வெகு நேரம் எடுத்தது. கண்ணை மூடிக் கிடந்த அந்த நேரத்தில், திருவான்மியூரின் அத்தனை நாளும் மறுமுனையில் எப்படி இருந்தது என்று பிரியங்காவுக்குத் தெரிந்தது. வருகிற சத்தத்தைக் காதால் தேடுவதைத் தவிர அங்கே செய்ய ஒன்றுமில்லை.

"அம்மா வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே மகள் அவள் மேல் வந்து விழுந்தாள். இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிரியங்கா கண்ணைத் திறக்காமலே அவளை இறுக்கிப் பிடித்தாள். மூக்குக்கு நேரே அந்த உச்சி இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தாள். முடி வலது பக்கம் சுழித்துக்கொண்டு நின்றது.

பிறகு பிள்ளைகள் கை கழுவப் போனபோது ஜான்சி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஜூன்ல வந்தப்ப அது வாயே தொறக்கலிங்க. வீட்டு மூலையில போய் உக்காரும், பையை மாட்டும், போயிடும். போறது மட்டுந்தான் வெளாடும். பாப்பாவா இருக்கறவங்க அழுவாங்க, அது திரும்பியே பாக்காது. வர்ற மாதிரி வெளாட ஆரம்பிச்சது இப்ப கொஞ்ச நாளாதான்."

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"இல்லிங்க. அதுவாதான். நான் கூட இருந்தேன், அவ்வளவுதான். அப்படி வர ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் இவ்ளோ பேச்சு." ஜான்சி கொஞ்சம் நிறுத்தினாள். "எழுத்தும் வரும். மணல்ல வெரலால கோடு இழுக்குது. உப்பு அளக்கறப்ப எண்ணுது. அந்தக் கை பென்சிலுக்கு இன்னும் கெட்டியாவல. பொங்கலுக்கு அப்புறம் ஸ்லேட்டு குடுப்பேன். ஆனா அதுக்குள்ள எல்லாரும் நோட்டக் கேக்கறாங்க."

"நம்ம புள்ளைங்களுக்கு இது ஆவுமா மிஸ்? நான் வேலை செய்யற வீட்டுப் பையன் இப்படித்தான் படிக்கறான். அவங்களுக்கு வசதி இருக்குது."

"ஏங்க, அவங்க புள்ளைக்கு நல்லதுன்னா நம்ம புள்ளைக்கு மட்டும் எப்படி ஆவாம போவும்?"

பிரியங்காவுக்கு அந்த வீட்டு வாசலில் பெயிண்ட் பூசிய கையோடு ஓடி வரும் பையன் ஞாபகத்துக்கு வந்தான். தான் பொறாமைப்பட்டது அவன் வசதிக்காக மட்டுமல்ல, அந்த விளையாட்டுக்காகவும்தான் என்று இப்போதுதான் புரிகிற மாதிரி இருந்தது.

பள்ளியை நடத்துகிற தேவநாதன் வந்தார். வயசானவர், வியர்த்து வந்திருந்தார். பிரியங்காவைப் பார்த்ததும் அவராகவே, "டிசிக்கா?" என்றார்.

"இல்ல சார். பாக்க வந்தேன்."

அவர் நம்பாமல் ஜான்சியைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பொதுவாகச் சொன்னார். "எனக்கு மட்டும் புள்ளைங்கள அதட்டி எழுத வெக்கணும்னு ஆசையாம்மா? மத்த ஸ்கூல்ல நோட்டக் காட்டறாங்க. நான் எதக் காட்டறது? அரையாண்டு வரைக்கும் பாக்கறேன்னு இந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கேன். அதுக்கப்புறம் பெஞ்சு பழைய எடத்துக்கு வந்துடும்."

"சார்" என்றாள் பிரியங்கா. இப்படிப்பட்டவர்கள் முன்னால் அவள் அதிகம் பேசியதில்லை. "பெத்தவங்கள வரச் சொல்லி ஒரு காலைல இங்க உக்கார வைங்க சார். பெஞ்சுல இல்ல. பாயில. புள்ளைங்க என்ன சொல்லுதோ அதச் செய்யச் சொல்லுங்க."

தேவநாதன் சிரித்துவிட்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

அவள் சென்னைக்குத் திரும்பிப் போனாள். பஸ் ஏற்றிவிட வந்த தமிழ்நிலா அப்பாவின் இடுப்பில் இருந்தபடி, "கண்ண மூடிக்கவா?" என்று கேட்டாள். பிரியங்கா ஜன்னலில் கையை நீட்டுவதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் போனில் அவள் எழுத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "இன்னிக்கு வீட்ல யாரு அம்மா?" என்று கேட்டாள். பிள்ளை பேச ஆரம்பித்தாள். கௌதமனுக்குக் காய்ச்சல், அதனால் பொம்மைதான் பாப்பா, பொம்மைக்கு ஊசி போட்டது, கடையில் உப்பு தீர்ந்துபோனது, புதுசாக ஒரு பஸ் ஸ்டாண்டு வந்தது. பேச்சு வளர வளர பிரியங்காவுக்கு அங்கே நிற்பது கஷ்டமாயிற்று. முன்பு மூச்சு மட்டும் கேட்டபோது எப்படியோ தாங்கிக்கொண்டாள். இப்போது ஒவ்வொரு நாளும் தான் பார்க்காமல் போனது என்ன என்பது பெயரோடு வந்து காதில் விழுந்தது. உள்ளே பையன் எழுந்து அழுவான். போனை வைக்க மனசு வராது.

மழை வந்தது. உப்பளம் நின்றது. அந்த மாதங்களில் அவளால் வேலையை விட முடியவில்லை. அரையாண்டுக்கு முன்னால் தேவநாதன் நிஜமாகவே பெற்றோரைக் கூப்பிட்டார். பாதிப் பேர்தான் போனார்களாம். சரத்குமார் போனான். வேலை இல்லாததால் ஒரு காலை முழுக்க அங்கேயே இருந்தான். "என்னை கஸ்டமராக்கிட்டாங்க" என்றான் போனில். "அரை கிலோ உப்பு கேட்டேன். மிச்சம் சில்லறை தரமாட்டேன்னு ஒரே சண்டை." அவன் இவ்வளவு சிரித்து அவள் வெகு நாளாகக் கேட்டதில்லை. பெஞ்சுகள் பாதி மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பின. மத்தியானம் எழுத்து, காலையில் விளையாட்டு என்று ஆயிற்று. ஜான்சிக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. இருந்தாலும் தங்கினாள்.

தை பிறந்ததும் பொம்மையார்பாளையத்தில் ஒரு விடுதியில் பிரியங்காவுக்கு வேலை கிடைத்தது. அறை பெருக்கிப் படுக்கைத் துணி மாற்றும் வேலை. சம்பளம் குறைவு, ஆனால் தினம் வீட்டுக்கு வரலாம். திருவான்மியூரில் அந்தப் பையன் அவளைப் போக விடாமல் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. மாடிப்படி இறங்கும்வரை அவன் குரல் கேட்டது.

ஊருக்கு வந்த முதல் வாரம் மகளைப் பள்ளியில் விடப் போகும்போதெல்லாம் உள்ளே கொஞ்சம் நின்றுவிட்டுப் போனாள். ஒரு நாள் ஜான்சி சொன்னாள், "இப்பல்லாம் அது வீட்டு மூலைக்கே போறதில்லிங்க. கண்டக்டராயிடுச்சு."

ஜன்னல் வழியாக பிரியங்கா பார்த்தாள். நாற்காலிகள் வரிசையாகப் போட்டு பஸ் நின்றது. தமிழ்நிலா காக்கி நிற அட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, துண்டுக் காகிதத்தில் கோணல் மாணலாக ஏதோ எழுதிக் கிழித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "உள்ள போ, உள்ள போ, படில நிக்காத." வீட்டு மூலையில் துப்பட்டா மடித்தபடி கிடந்தது. பாயில் யாரும் இல்லை.

இது நல்லதுதான் என்று பிரியங்காவுக்குத் தெரியும். அம்மா தினம் வீட்டுக்கு வருகிறாள், அதனால் இனி அந்த விளையாட்டு பிள்ளைக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அவள் நின்றுகொண்டே இருந்தாள். இன்னும் ஒரே ஒரு தடவை அந்தப் பாயில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, வருகிற காலடிச் சத்தத்தைக் கேட்க வேண்டும்போல இருந்தது.

தமிழ்நிலா நிமிர்ந்து பார்த்தாள். டிக்கெட் பிடித்த கையை அவசரமாக ஒரு தடவை ஆட்டினாள். அடுத்த ஆள் ஏறிக்கொண்டிருந்தான், அவள் திரும்பிக்கொண்டாள்.

பிரியங்கா பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, பொம்மையார்பாளையம் போகும் பஸ்ஸைப் பிடிக்க ரோட்டுக்கு நடந்தாள்.